மஞ்சள் பூசிய கேபிள் கல்

கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேட்டபடியே ரெண்டே வார்த்தையில் முடித்துவிட்டதாக எங்கள் டிரைவர் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்படிப்பட்ட என்னை எழுதச் சொன்னவர் ரஹ்மத் மேடம். எங்கள் குடிநீர் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் என்ஜினியர். சின்ன வயசு. ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"புதுசா வேலைக்கு வாரவங்களுக்கு ஒரு கண்ணாடி குடுக்கப் போறோம்மா. போட்டுக்கிட்டுத் தெருவுல நின்னா பூமிக்கு அடியில என்னென்ன போகுதுன்னு அப்படியே தெரியும். கண்ணாடி இல்லாத காலத்துல நீங்கள்லாம் எப்படி வேலை பாத்தீங்கன்னும் அவங்களுக்குத் தெரியணும்ல? எழுதிக் குடுங்க, புத்தகத்துல சேத்துக்குவோம்."

"நான் அஞ்சாங்கிளாஸ்தான் மேடம்."

"அஞ்சாங்கிளாஸ்ல எழுதச் சொல்லிக் குடுக்கலையா?"

எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. கருப்பையா அண்ணன்தான் வந்தார். அவர் எங்கள் ஃபிட்டர். ஒருநாள் காலையில் குழாய்க்குத் தோண்டும்போது கரண்டு கேபிளில் கடப்பாரை பட்டு, கை போய், கண் போய், வேலையும் போய், 'கவனக்குறைவு' என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர். அவரைப் போல் கவனமாகத் தோண்டிய ஆளை நான் பார்த்ததில்லை. இதில் மற்றது எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்காதீர்கள்.

எனக்கு அபிராமத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர். மிளகாய்க் காட்டில் கூலி வேலை. மழை இல்லாமல் போன வருஷத்தில், கடற்கரைப் பக்கம் குழாய் பதிக்க மண் அள்ள ஆள் வேண்டும் என்று லாரி வந்தது. ஏறி வந்தேன். கூட வந்தவர்கள் மழை விழுந்ததும் திரும்பிப் போனார்கள். நான் தங்கிவிட்டேன். கொஞ்ச காலம் தினக்கூலி, பிறகு ஹெல்பர் என்று எடுத்துக்கொண்டார்கள். வேலை பழகின கதையில் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கை காய்த்தது, பிறகு வலிக்கவில்லை.

எங்கள் கேங்கில் ஃபிட்டர் கருப்பையா அண்ணன், சேசு, நான், இன்னும் ஓரிருவர். சேசு கடல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். வாய் ஓயாது. அண்ணன் அதற்கு நேர்மாறு. ஆனால் அவர் வாய் திறந்தால் சேசு அடங்கிவிடுவார்.

குழாய் உடைந்திருக்கிறது என்று புகார் வரும். எங்கள் பக்கத்தில் தெருவில் தண்ணீர் நின்றாலே அது நம் குழாய்த் தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. சில இடத்தில் கையால் மண்ணைப் பறித்தாலே ஊற்று வந்துவிடும். அது உப்பு. அண்ணன் குந்தி உட்கார்ந்து, தெளிந்த பக்கத்தில் ஒரு விரலைத் தொட்டு நாக்கு நுனியில் வைப்பார். கரித்தால் துப்பிவிட்டு எழுந்துவிடுவார். "இது கடல் தண்ணி. நம்மளுது இல்ல." கரிக்காவிட்டால், "நம்மளுதுதான். வால்வை அடைங்க" என்பார்.

"அண்ணே, சாக்கடைத் தண்ணியா இருந்தா என்ன செய்வீக?" என்று சேசு ஒருநாள் கேட்டார்.

"அதுக்குத்தானே ஒன்னய வச்சிருக்கேன். அந்தப் பக்கம் நீ நக்கு."

வால்வை அடைப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு, கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி கொஞ்சம் திருப்புவார். வேகமாக அடைத்தால் ஓடிவருகிற தண்ணீர் முட்டி, வேறு தெருவில் குழாய் வெடிக்கும். "ஓடியாற மாட்டை மறிக்கிற மாதிரி மறிக்கணும். முன்னால போய் நின்னா முட்டிப்புடும்" என்பார்.

அடுத்தது கேட்பது. இதைத்தான் அண்ணன் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைத்தார். பூமிக்கு மேலே ஒரே தெரு, கீழே ஆளுக்கொரு தெரு. தண்ணீர்க் குழாய் ஒரு ஆபீசு, கரண்டு இன்னொரு ஆபீசு, போன் வயர் வேறொரு ஆபீசு. யார் எங்கே பதித்தார்கள் என்பது மற்றவருக்குத் தெரியாது. எழுதிக் கேட்கலாம், வரைபடம் வாங்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் குழாய் உடைந்து தெருவே குடத்தோடு நிற்கும்போது வரைபடம் வரும்வரை யார் காத்திருப்பார்கள்? எங்கள் பக்கத்து கேங் எதுவும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

அதனால் அண்ணன் வாயால் கேட்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, டீக்கடைக்காரரிடம் கேட்பார், தெரு கூட்டுகிற அம்மாவிடம் கேட்பார், அந்தத் தெருவில் யார் ரொம்ப நாளாகக் குடியிருக்கிறார்களோ அவர்கள் வாசலுக்கே போய்க் கேட்பார். "இங்கன இதுக்கு முன்ன யாராச்சும் தோண்டினாகளா? தோண்டி என்னத்த வச்சாக?" பிறகு தலையைத் தூக்கிக் கரண்டு கம்பங்களைப் பார்ப்பார். கம்பத்திலிருந்து வயர் தடியாக இறங்கி மண்ணுக்குள் போனால் அங்கே கேபிள் இருக்கிறது. கடைசியாகக் கல்லைத் தேடுவார்.

கல் என்றால் கேபிள் கல். கரண்டுக்காரர்கள் கேபிள் பதித்த வழியில் முழங்கால் உயரத்துக்குக் கல் நடுவார்கள். அதில் மின்னல் மாதிரி வளைந்த அம்பு ஒன்று செதுக்கியிருக்கும். இந்தப் பக்கம் கேபிள் போகிறது, கை வைக்காதே என்று அர்த்தம்.

எல்லாம் பார்த்த பிறகு என்னைக் கூப்பிடுவார். "தாயி, கோட்டைப் போடு."

அதுதான் என் வேலை. கோலமாவுப் பொடியால் குழியின் எல்லையைத் தெருவில் வரைவேன். சுண்ணாம்புத் தூள் காற்றில் பறந்துவிடுகிறது என்று நான்தான் வீட்டிலிருந்து கோலமாவு கொண்டுபோய்ப் பழக்கினேன். அண்ணன் காலால் அந்தக் கோட்டைத் தாண்டமாட்டார். நான் ஓரத்தில் விட்டிருக்கும் இடைவெளி வழியாகச் சுற்றிவந்துதான் உள்ளே இறங்குவார். முதலில் மண்வெட்டி, அதுவும் சாய்த்துப் பிடித்து, சீவி எடுப்பார். கேபிளுக்கு மேலே செங்கல் அடுக்கியிருப்பார்கள். வரிசையாகச் செங்கல் தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிட்டு கையால் மண்ணை அள்ளுவார். கடப்பாரையை அவசியம் இல்லாமல் தொடவே மாட்டார்.

இப்போது அந்தத் தெருவுக்கு வருகிறேன். ஐஸ் கம்பெனி இருந்த தெரு. பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இன்றும் நல்லவர்கள்தான்.

அந்தத் தெருவில் இருந்த கேபிள் கல்லை அங்கிருந்த பெண்கள் என்றைக்கோ சாமியாக்கிவிட்டார்கள். மின்னல் அம்பு அவர்களுக்கு வேலாகத் தெரிந்திருக்கிறது. முதலில் யாரோ ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு பொட்டு வைத்திருப்பாள். பிறகு மஞ்சள், பிறகு பூ. நான் வேலைக்கு வந்தபோதே அது வேல்சாமி. மஞ்சள் மேல் மஞ்சள் அப்பி, கல்லின் மூலையெல்லாம் உருண்டு போயிருந்தது. அம்பு எங்கே இருக்கிறதென்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது.

எங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு அது ரெண்டுமாக இருந்தது. அந்தத் தெருவில் வேலை என்றால் முதலில் தொட்டுக் கும்பிடுவார். கும்பிட்டு எழுந்து, "இந்தப் பக்கம் கேபிள் போகுது, பாத்துக்கிருங்க" என்பார். கரண்டையும் காவல் காத்துக்கொண்டு பிள்ளைகளையும் காத்துக்கொண்டு ஒரே சாமி நிற்கிறது என்று சேசு சொல்லுவார்.

அந்தத் தெருவில் பெரிய குழாய் நடுவில் போகிறது. ஒருநாள் காலை ஏழெட்டு மணி இருக்கும், குழாய் பொத்துக்கொண்டது. அண்ணன் நாக்கில் வைத்துப் பார்த்தார். நம் தண்ணீர். வால்வை அடைத்தோம். ஓட்டையை அடைக்க ஆள் இறங்கி நிற்க வேண்டும், அதற்குக் குழாயின் ஒரு பக்கம் குழியை அகலப்படுத்த வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. அதற்குள் சாக்கடை வாய்க்கால் புதிதாகக் கட்டியிருந்தார்கள். வேல்சாமி மேற்குப் பக்கம் வேப்பமரத்தடியில் இருந்தது. அண்ணன் வாசலில் நின்ற ஆட்களைக் கேட்டார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். கம்பங்களைப் பார்த்தார், வயர் இறங்குகிற கம்பம் அந்தப் பக்கம் கண்ணில் படவில்லை. அண்ணன் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார்.

சேசு, "சாமி முன்ன எதிர்த்தாப்புல இருந்த மாதிரி இல்ல?" என்றார்.

அண்ணன் ஒரு நிமிஷம் நின்றார். நானும் பார்த்தேன். எனக்கு நினைவு பிடிபடவில்லை. வாய்க்கால் வந்து, வீடுகள் முன்னால் நீண்டு, தெருவே வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "சாமிய யாராச்சும் நகட்டுவாகளாப்பா? கூறு இருந்துதான் பேசுறியா?" என்று சேசுவை அதட்டினார்.

"அதானே" என்றார் அண்ணன். "தாயி, கிழக்குப் பக்கம் கோட்டைப் போடு."

போட்டேன். அண்ணன் இறங்கினார். மண்வெட்டி போட்டுச் சீவினார். செங்கல் வரிசை தட்டுப்படவில்லை. வாய்க்கால் கட்டின கான்கிரீட் உடைசல்தான் இறுகிக் கிடந்தது. மண்வெட்டிக்கு அசையவில்லை. கடப்பாரையைக் கேட்டார்.

நீலமாக ஒரு வெளிச்சம். சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. அண்ணன் குழிக்கு வெளியே, நான் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் கிடந்தார். கை சட்டையோடு ஒட்டியிருந்தது. "கண்ணு கூசுது தாயி, கண்ணு கூசுது" என்று மட்டும் சொன்னார்.

கேபிள் கிழக்குப் பக்கம்தான் இருந்தது. கல்லும் முன்னால் கிழக்குப் பக்கம்தான் இருந்திருக்கிறது. வாய்க்கால் வெட்டும்போது கல் வழியில் நின்றதால் பிடுங்கி, கேபிளுக்கு மேல் இருந்த செங்கல்லையும் எடுத்துவிட்டு, உடைசலைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். தெருக்காரர்கள் சாமியை அப்படியே கிடக்கவிடுவார்களா? பால் ஊற்றி, பொங்கல் வைத்து, நிழலாக இருக்கட்டும் என்று எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. இது அத்தனையும் அந்தத் தெருவில் பூ விற்கிற சரசு அக்கா, அண்ணனை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, என் காதோடு சொன்னது.

அன்றைக்குக் கரண்டு போய் ஐஸ் கம்பெனி நின்றது. வள்ளத்தில் வந்து இறங்கின மீன் வெயிலில் கிடந்து கெட்டது. ஏற்கெனவே தெரு முழுக்கக் கோபம். இதில் கல்லை நகர்த்தியது குற்றம் என்று வழக்கு வருமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அவரையும் நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பொறுமையாகக் கேட்டார். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணனையும் கூட்டிவந்திருந்தார்கள். கையில் பெரிய கட்டு, கண்ணில் பச்சைத் துணி. நான் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கல்லைப் பாத்துத்தான் தோண்டினேன்னு சொல்றீங்க. எந்தக் கல்லு?" என்றார் அதிகாரி.

நான்தான் காட்டினேன். "அது சார். முன்னால கிழக்குப் பக்கம் இருந்துச்சாம் சார்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதிகாரி குனிந்து, "சத்தமா சொல்லுங்கம்மா" என்றார். மறுபடி சொன்னேன்.

தெருப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். "அது கேபிள் கல்லு இல்ல சார். எங்க வேல்சாமி. எங்க பாட்டன் காலத்துல இருந்து அங்கனதான் இருக்கு."

எனக்குச் சொன்னது இந்த அக்காதான் என்று நான் கைகாட்ட, அதிகாரி சரசு அக்காவைப் பார்த்தார். சரசு அக்கா பூக்கூடையைப் பார்த்துக்கொண்டு, "சாமியப் பத்தி நான் ஒண்ணும் பேச மாட்டேன்யா" என்றார்.

அதிகாரி எழுந்து போய்ச் சாமி முன்னால் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பிவந்து மெதுவாகத்தான் சொன்னார். "நான் பாக்குறது கோயில். இதை நான் கேபிள் கல்லுன்னு எழுதணும்னா, அந்த மஞ்சளைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க. அடியில மின்னல் குறி இருந்தா, கல்லு எடம் மாறிருக்குன்னு நான் எழுதிக்கிறேன். இவர் மேல தப்பு இல்ல."

சேசு, "நான் எடுக்கேன் சார். எனக்கு என்ன, நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்" என்று முன்னால் போனார். பெண்கள் ஓடிவந்து மறித்துக்கொண்டார்கள். ஒருத்தி கைப்பிள்ளையைச் சாமி காலடியில் கிடத்திவிட்டாள். நான் அந்தப் பெண்களைக் கும்பிட்டுக் கேட்டேன். "ஆத்தா, அண்ணன் பொழப்பு ஆத்தா. ஒரு விரக்கடை தொடச்சாப் போதும்." யார் காதிலும் விழவில்லை.

அப்போது அண்ணன் என் கையை அழுத்தினார். "தாயி, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு."

அதிகாரி இருக்கும் திசையை மோப்பம் பிடித்த மாதிரி முகத்தைத் திருப்பினார்.

"வேணாம் சார். அது சாமியாயிருச்சு. என் வேலைக்காக அதைத் திரும்பக் கல்லாக்க வேணாம்."

"நீங்க யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சார்."

அதிகாரி பேனாவை மூடினார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சரசு அக்கா வந்து அண்ணன் காலைத் தொட்டார். மறித்த அத்தனை பேரும் கும்பிட்டார்கள். ஆனால் ஒருவர்கூட, ஆமாம், நாங்கள்தான் நகர்த்தினோம் என்று சொல்லவில்லை.

வரைபடம் வாங்காமல் தோண்டியது, கவனக்குறைவு என்று முடிவாயிற்று. அண்ணனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கமுதிப் பக்கம் தங்கச்சி மகள் வீட்டோடு போனார். கண் கொஞ்சம் கொஞ்சமாக முழுதும் போய்விட்டது.

அதற்குப் பிறகு என்னோடு வேலை பார்த்த எல்லாரிடமும் நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பேச வராத நான் இதை மட்டும் சொல்லுவேன். சாமிக்காக வேலையையே விட்டுக்கொடுத்த மனுஷன் என்று சொல்லுவேன். கேட்டவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

போன மாதம் ரஹ்மத் மேடம் என்னை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனார். கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டார். கனமாக இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு தெரு தெளிந்தது. பாம்பன் பக்கம் காற்று விழுந்த நாளில் கடல் தெளிந்து அடியில் பாசி அசைவது தெரியுமே, அப்படி. தார் ரோடும் இருந்தது, அதற்கு அடியில் நீலமாக எங்கள் குழாயும் போனது. சாக்கடைக்கு ஒரு நிறம், போனுக்கு ஒரு நிறம். வால்வு எங்கே இருக்கிறது, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று எழுத்தாக மிதந்தது. தோண்டுகிற ஆள் எதற்காவது பக்கத்தில் போனால் கண்ணாடியே சத்தம் போடுமாம். ஆபீசில் உட்கார்ந்திருக்கும் மேடம், தெருவில் நிற்கிற ஆள் பார்ப்பதையே பார்த்து, இங்கே, அங்கே என்று வழி சொல்லலாமாம். எல்லா ஆபீசும் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் பதித்ததைச் சொல்லி, மெஷின் வைத்துத் தடவிப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

நான் கோலமாவில் போட்ட கோடுதான் இதுவும். நான் வெள்ளையில் போட்டேன், இது கலரில் இருக்கிறது. காற்றடித்தாலும் போகாது.

கிழக்குப் பக்கம் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. கேபிள். அது இளநீர் வண்டிக்கு அடியில் போனது. அண்ணன் விழுந்த இடம். நான் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கு இது இருந்திருந்தால் என்று நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அதைத்தான் நினைத்தேன்.

"இந்தத் தெருவுல ஒரு குழப்பம் இருக்கும்மா" என்றார் மேடம். "பழைய வரைபடத்துல இங்க ஒரு கேபிள் கல்லு இருக்குன்னு போட்டிருக்கு. தேடிட்டோம். கல்லைக் காணோம்."

"காணாமப் போகல மேடம். எதிர்த்தாப்புல கும்பிட்டுக்கிட்டு இருக்காக."

வேல்சாமிக்கு இப்போது டைல்ஸ் ஒட்டி, கம்பிக் கதவு போட்டு, வெள்ளிக் கவசம் சாத்தியிருக்கிறார்கள். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "இந்தக் கண்ணாடியில எந்த எடத்துலயும் ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம்மா. இந்த எடத்துக்கு வாரவங்க கண்ணுக்கு அது தெரியும். என்ன எழுதட்டும்?" என்றார்.

"கருப்பையா அண்ணன் கல்லைப் பாத்துத்தான் தோண்டினாருன்னு எழுதுங்க மேடம்."

அவருக்குச் சங்கடமாகப் போயிற்று. "ஆளு பேரெல்லாம் இதுல போட முடியாதும்மா. வேலைக்கு வேண்டியது மட்டும்தான் எழுதலாம்." கொஞ்சம் யோசித்து விரலால் எழுதினார். என்னிடம் கண்ணாடியைக் கொடுத்தார். சிவப்புக் கோட்டுக்கு மேலே, காற்றில் நின்றது: 'கேபிள் கிழக்குப் பக்கம். குறிக்கல் இடம் மாற்றப்பட்டுள்ளது.'

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த அதிகாரி எழுதத் தயாராக இருந்த அதே வார்த்தை.

மறுநாளே கமுதிக்குப் பஸ் ஏறினேன். வாசலில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, "பஞ்சவர்ணமா? நடை தெரியுது" என்றார்.

கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன்.

"பூமிக்குக் கீழ இருக்கறது தெரியுமா?"

"எல்லாம் தெரியுதுண்ணே."

"எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு தாயி. கீழ எல்லாம் வேணாம். மேல தெரிஞ்சாப் போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அந்தக் குறிப்பைச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. "திரும்பச் சொல்லு."

"கேபிள் கிழக்குப் பக்கம். குறிக்கல் இடம் மாற்றப்பட்டுள்ளது."

"எம் பேரு இருக்கா?"

"இல்லண்ணே. பேரு போடக் கூடாதாம்."

ம், என்றார். கட்டிலின் கயிற்றை நல்ல கையால் நெருடிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நான் வேணாம்னு சொல்லிருக்கக் கூடாது தாயி."

"என்னண்ணே இப்படிச் சொல்றீக? தெருவே உங்களக் கும்பிட்டுச்சே!"

"கும்பிட்டாக. கல்லையும்தான் கும்பிட்டாக. ஒருத்தர் வாயில இருந்து உண்மை வந்துச்சா?" கோபம் இல்லாமல்தான் பேசினார். "ஒரு சொம்புத் தண்ணி, ஒரு துணி. அம்புட்டுத்தான். தொடச்சுப் பாத்துட்டு, திரும்ப மஞ்சளைப் பூசிருக்கலாம். சாமி என்ன ஓடியா போயிருக்கும்? பெரிய மனுஷன் மாதிரி பேசிப்புட்டேன். பேசின சுகம் ஒரு நாளு. மத்த நாளெல்லாம் இந்தக் கட்டில்ல உக்காந்து, தொடச்சிருக்கலாமேன்னுதான் நெனக்கேன்."

நான் ஊர் ஊராக அவர் பெருமை என்று சொல்லித் திரிந்தது எதுவோ, அதைத்தான் அவர் இருட்டில் உட்கார்ந்து நொந்துகொண்டிருந்திருக்கிறார்.

புறப்படும்போது கூப்பிட்டார். "தாயி, அந்தப் பக்கம் போனா எனக்காக ஒரு துண்டு மஞ்சள் வச்சுட்டு வா. எனக்கும் அதுக்கும் சண்டை ஒண்ணும் இல்ல."

வெள்ளிக் கவசம் போட்டிருப்பதையும், மஞ்சள் வைக்க இடமில்லை என்பதையும் நான் சொல்லவில்லை. வைக்கிறேண்ணே என்றேன்.

வெள்ளிக்கிழமை போனேன். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. வெளியிலிருந்தே கும்பிட்டேன். பிறகு தெருவைத் தாண்டி, கிழக்குப் பக்கம் இளநீர் வண்டி ஓரமாக, அண்ணன் விழுந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, மஞ்சள் துண்டைத் தரையில் வைத்தேன்.

இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னம்மா அங்கன வைக்கிறீக? சாமி எதிர்த்தாப்புல இருக்கு."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். வேப்பமரத்தடியில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தெரியும்யா" என்றேன். "முன்னால இங்கனதான் இருந்துச்சு. நகட்டி அங்கன வச்சுட்டாக."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.